ஏட்டில் ஏறிய பெயர்

பத்து காஜா பக்கம் போனவர்கள் பாதியிலே நின்றுபோன அந்தப் பெரிய பங்களாவைப் பார்க்காமல் வந்திருக்க மாட்டார்கள். 'கெல்லி கோட்டை' என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லும். அதைக் கட்டத் தொடங்கிய வில்லியம் கெல்லி ஸ்மித் துரை ஸ்காட்லாந்துக்காரர். அங்கே மோரே வட்டாரத்தில் கெல்லாஸ் என்ற சின்ன ஊர்ப் பக்கம் 1870-ல் பிறந்தவர். 1926-ல் போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் கண்ணை மூடியவர். தன் தோட்டத்துக்குக் 'கிந்தா கெல்லாஸ்' என்று பெயர் வைத்தார். பாதி நம்ம பேராக் ஊர். பாதி அவர் பிறந்த ஊர்.

துரை எங்கே பிறந்தார், எங்கே செத்தார் என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. அந்தக் கோட்டைக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களில் சென்னை மாகாணத்திலிருந்து வந்த நம்மவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் பெயராவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"அவன் துரை, பணக்காரன். அவன் பேரை எழுதி வைப்பானுங்க. கூலிக்காரன் பேரை யாருய்யா எழுதுவான்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்காட்லாந்தில் எல்லாரும் துரை இல்லை என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நாட்டு ஏழைகளின் கதை நம் கதைக்கு ரொம்பத் தூரமில்லை.

ஸ்காட்லாந்தின் வடக்கே மலைநாட்டில் குத்தகை நிலத்தில் உழுது பிழைத்த குடியானவர்கள் இருந்தார்கள். ஆளை வைத்திருப்பதைவிட ஆட்டை வளர்த்தால் லாபம் என்று நிலச்சுவான்தார்கள் கணக்குப் போட்டார்கள். 1814-லும் 1819-லும் சதர்லண்ட் வட்டாரத்து ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். கூரைகளுக்குத் தீயும் வைத்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்டபோது சட்டிபானையோடு லயத்தை விட்டு வெளியேறிய நமக்கு இந்த வேதனை புரியும். அதற்குப் பிறகு 1846-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பஞ்சம் வந்தது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா என்று சனங்கள் கப்பல் ஏறினார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இங்கிலீஷ்கூட வராது, கேலிக் மொழிதான் பேசினார்கள்.

இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். "உன் பாட்டனும் என் பாட்டனும் அண்ணன் தம்பி" என்று கனடாவிலிருந்து வந்து ஸ்காட்லாந்து கிராமத்தில் கதவைத் தட்டுகிறார்கள். எப்படி முடிந்தது? எல்லாம் ஏட்டில் இருந்த பெயரால் முடிந்தது!

அங்கே 1855-ஆம் ஆண்டு முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் அரசாங்கமே பதிந்து வருகிறது. ஒருவர் இறந்தால் அவருடைய அப்பா பெயர், அம்மா பெயர், அம்மா பிறந்த வீட்டுப் பெயர் ஆகியவற்றையும் கேட்டு எழுதினார்கள். கல்யாணப் பதிவிலே மாப்பிள்ளை, பெண் இருவரின் பெற்றோர் பெயரும் வரும். ஒரு தாளைப் பிடித்தால் அடுத்த தலைமுறைக்கு வழி தெரிந்துவிடும். அதற்கு முந்திய காலத்துக்கு மாதா கோயில் பதிவேடுகள் உண்டு. மிகப் பழையது 1553-ல் தொடங்குகிறது.

பிறகு ஜனத்தொகைக் கணக்கு. 1841 முதல் பத்து வருடத்துக்கு ஒரு தடவை வீட்டு வீடாக எடுத்த பெயர்கள் இருக்கின்றன. நூறு வருடம் பூட்டி வைத்துவிட்டுத்தான் திறப்பார்கள். 1921-ஆம் ஆண்டுக் கணக்கை 2022-ல் திறந்தார்கள். ஒரு கணக்கில் இருந்த பையன் அடுத்த கணக்கில் இல்லை, இறப்புப் பதிவிலும் இல்லை என்றால், அவன் ஊரை விட்டுப் போயிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். உடனே கப்பல் பட்டியலைத் தேடுகிறார்கள். 1890 முதல் 1960 வரை பிரிட்டிஷ் துறைமுகங்களிலிருந்து ஐரோப்பாவுக்கு அப்பால் நெடுந்தூரம் போன கப்பல்களின் பயணிகள் பட்டியல் லண்டனில் பத்திரமாக இருக்கிறது. 1923 ஏப்ரல் மாதம் லூயிஸ் தீவிலிருந்து 'மெட்டகாமா' என்ற கப்பலில் சுமார் 300 பேர், பெரும்பாலும் இளவட்டங்கள், கனடாவுக்குப் போனார்கள். அந்தத் தீவில் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். அப்படிப் போனவனின் பெயரையும் வயதையும் அவன் பேரன் இன்று கம்ப்யூட்டரில் பார்க்க முடிகிறது.

கல்லறைகளும் பேசுகின்றன. கடல் கடந்து செத்த பிள்ளைக்கு ஊரிலே உடல் இருக்காது. ஆனாலும் பெற்றோரின் கல்லிலே "இன்ன மகன், இன்ன தேசத்தில் இறந்தான்" என்று வெட்டி வைப்பது அவர்கள் வழக்கம்.

சிக்கல் இல்லாமல் இல்லை. 'மாக்' என்றால் கேலிக் மொழியில் மகன் என்று அர்த்தம். நம் ஐ.சி.யில் அப்பா பெயருக்கு முன்னால் 'ஏ/எல்' போடுவதைப் போலத்தான். அந்த மாக்கை ஒரு குமாஸ்தா ஒரு மாதிரி எழுதுவான், இன்னொருவன் இன்னொரு மாதிரி எழுதுவான். வீட்டிலே இயான் என்று கூப்பிட்டவனை ஏட்டிலே ஜான் ஆக்கிவிடுவான். மூத்த பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது பையனுக்கு அம்மாவின் அப்பா பெயர் வைப்பது அங்கே பழைய வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குகிறவனைப் பேரன் என்று சொல்கிற நமக்கு இது புதிதில்லை. அதனால் ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் இருந்தால்தான் யார் எவர் என்று பிரிக்க முடியும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பட்டியல்களை யாரும் பாசத்தால் எழுதவில்லை. 1852 முதல் 1857 வரை மலைநாட்டுச் சனங்கள் சுமார் 5,000 பேரை ஒரு சங்கம் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. ஏழைகளை வெளியே தள்ளினால் போதும் என்று நிலச்சுவான்தார்களும் செலவில் ஒரு பங்கு கொடுத்தார்கள். யாருக்கு எவ்வளவு செலவு என்ற கணக்குக்காகத்தான் கப்பல் வாரியாகக் குடும்பங்களின் பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதினார்கள். அந்தக் கணக்கு ஏடுதான் இன்று வாரிசுகளுக்குச் சொத்தாக இருக்கிறது! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உறவைத் தேடும்போது அந்த ஏட்டுச் சுரைக்காய்தான் உதவுகிறது.

நம் தோட்டத்து ஆபீசிலும் அதே ஸ்காட்லாந்துத் துரைமார் காலத்துக் கிராணிமார் செக்ரோலில் நம் பெயரை எழுதினார்கள். அதுவும் சம்பளக் கணக்குக்காகத்தான். அதற்காக அதைக் குப்பை என்று நினைத்துவிடலாமா? தோட்டம் கைமாறும்போதும், வீட்டுமனையாகும்போதும் பழைய ஏடுகள் என்ன ஆகின்றன என்று நாம் கேட்டதுண்டா? "அந்தப் பழைய புத்தகங்களை எரிக்காதீர்கள், எங்களிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் தேசியக் காப்பகத்திடம் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். இதைத் தொழிலாளரும் சங்கத்தாரும் சேர்ந்து கேட்க வேண்டும் என்பதே நம் கருத்து.

"ஏடே இல்லாதவன் என்ன செய்வான்?" அதற்கும் அவர்களிடமே பாடம் இருக்கிறது. 1773-ல் 'ஹெக்டர்' என்ற கப்பலில் சுமார் 200 பேர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார்கள். அந்தக் காலத்துப் பட்டியல் கைக்குக் கிடைக்கவில்லை. அறுபது வருடத்துக்கு மேல் கழித்து, ஞாபகத்தில் இருந்த பெயர்களை எழுதி வைத்தார்கள். அதை வைத்துத்தான் இன்றும் தேடுகிறார்கள். கேட்க ஆள் இருந்தபோது கேட்டுவிட்டார்கள்!

நம் வீட்டில் கேட்க ஆள் எத்தனை நாள் இருப்பார்கள்? ஆகவே தோழர்களே, தாய்மார்களே, இந்த ஞாயிற்றுக்கிழமையே பள்ளிக்கூடப் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுங்கள். வீட்டிலே மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். அப்பா பெயர், அம்மா பெயர், அம்மா பிறந்த ஊர், எந்த மாவட்டம், எந்தத் தாலுக்கா, எந்தக் கப்பல், எந்த வருடம், முதலில் எந்தத் தோட்டம், கூட வந்தவர் யார், ஊரிலே தங்கியவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். கிராணி எழுதிய பெயர் ஒன்று, ஐ.சி.யில் உள்ள பெயர் வேறு என்றால் இரண்டையும் எழுதுங்கள். ஊரிலிருந்து வந்த பழைய கடிதத்தை உறையோடு வையுங்கள். உறையின் பின்னால்தான் விலாசம் இருக்கும். பிறப்புச் சான்றைச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகிக் கரையானுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு தாள் இல்லாத காரணத்தால் இந்த நாட்டிலே பிறந்தும் நீல ஐ.சி. கிடைக்காமல் அலைகிறவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். உறவுக்கு உதவுகிற அதே தாள்தான் உரிமைக்கும் உதவும்.

ஆட்டுக்காக விரட்டப்பட்ட ஏழையின் பெயரை அவன் பேரன் கண்டுபிடித்துவிட்டான். ரப்பருக்காக வரவழைக்கப்பட்ட நம் பாட்டன் பெயரை நம் பேரன் கண்டுபிடிக்க வேண்டாமா? அவன் தேடி வரும்போது நம் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகமாவது இருக்கட்டும்.