புலி கொல் யானை

ஆங்கில வாக்கியத்தில் சொற்களை இடம் மாற்றி எழுதிவிட்டு, 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று முடிவு கட்டிவிடும் மாணவர்கள் பலர். நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அந்த முடிவு தவறு என்பதே என் கருத்து. சொல் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டிய சட்டமாக நினைப்பதால் வரும் தொல்லை இது. அந்த வரிசை என்ன வேலை செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு சிறு சோதனை. மூன்று துண்டுக் காகிதங்களில் 'யானை', 'புலியை', 'கொன்றது' என்று எழுதிக்கொள்ளுங்கள். இவற்றை ஆறு விதமாக அடுக்கலாம். எப்படி அடுக்கினாலும் செத்தது புலிதான். இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ', புலி போகும் இடமெல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டே போகிறதல்லவா?

இனி, 'தி எலிஃபண்ட் கில்டு தி டைகர்' என்ற வாக்கியத்தில் இரு விலங்குகளையும் இடம் மாற்றுங்கள். யானை செத்துவிட்டது! 'எலிஃபண்ட்', 'டைகர்' என்ற பெயர்களில் 'ஐ' போன்ற உருபு ஏதும் இல்லை. கொன்றது வினைக்கு முன்னே, செத்தது வினைக்குப் பின்னே. அங்கே இடம்தான் உருபு.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் அதற்கும் வேற்றுமை விகுதிகள் இருந்தன. சொற்களும் இன்றைவிடத் தாராளமாக இடம் மாறின. பிறகு விகுதிகள் தேய்ந்தன, வரிசை இறுகியது. 'ஹி', 'ஹிம்' போன்ற சில சொற்களில் மட்டும் பழைய மிச்சம் தெரிகிறது.

உருபை எடுத்துவிட்டால் தமிழும் திண்டாடும். 'புலி கொல் யானை' என்பது நம் பழைய உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? சொற்களை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. 'தடுமாறு தொழிற்பெயர்' என்று தொல்காப்பியம் இதற்குப் பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறது.

அடிக்கடி வரும் இன்னொரு பிழையைப் பாருங்கள். 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' என்று எழுதுகிறோம். 'வேர் ஹி இஸ்' என்பதே சரி. ஏன்? 'இருக்கிறான்' என்பதோடு 'ஆ' சேர்த்து 'இருக்கிறானா?' என்று நாம் கேட்கிறோம். ஆங்கிலத்தில் 'ஹி இஸ்' என்பதை 'இஸ் ஹி' என்று திருப்பினால் கேள்வி. அந்தத் திருப்பம்தான் அவர்களுடைய 'ஆ'. எனக்குத் தெரியாது என்று சொல்லும்போது நான் யாரையும் கேட்கவில்லையே! பிறகு எதற்குத் திருப்ப வேண்டும்? தமிழிலோ 'அவன் எங்கே இருக்கிறான்' என்ற கேள்வியோடு 'என்று தெரியாது' என்பதைச் சேர்த்தால் போதும். கேள்வி அப்படியே இருக்கும். பிழை பிறக்கும் இடம் இதுதான். இது முட்டாள்தனம் அன்று. ஒரு மொழியின் ஒழுங்கை இன்னொன்றில் பொருத்திப் பார்த்ததன் விளைவு.

வினையைக் கடைசியில் வைக்கும் நம் வழக்கமும் விசித்திரமானதன்று. உலகில் 1,300-க்கும் மேற்பட்ட மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், எழுவாய், செயப்படுபொருள், வினை என்ற நம் வரிசை 560-க்கும் மேற்பட்ட மொழிகளில் காணப்பட்டது. ஆங்கிலத்தின் வரிசை உள்ளவை 490-க்கும் குறைவு.

ஆகவே, நோட்டில் சிவப்பு மையால் ஒரு வாக்கியம் அடிக்கப்பட்டு வந்தால், திருத்தியதைப் பத்து முறை எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். அதன் கீழே தமிழ் வாக்கியத்தையும் எழுதி, இங்கே உருபோ விகுதியோ செய்த வேலையை அங்கே எந்த இடம் செய்கிறது என்று கோடு போட்டுக் காட்டுங்கள். ஆசிரியரிடமும் அந்தப் பக்கத்தைக் கொடுங்கள்.