ஆசிரியரை எழுதிவைத்த மாணவர்

தமிழ்நாட்டில் பிரியமான ஆசிரியர் ஒருவர் இறந்துபோனால் மறுநாளே தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ் வந்துவிடுகிறது. நடுவில் அவர் படம், கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள், அதற்கும் கீழே மாணவர்களின் பெயர்கள். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மூன்று நாள் ஓயாமல் செய்தி ஓடும். ஊரில் மதிப்புள்ளவராக இருந்தால் நினைவேந்தல் கூட்டமும் நடக்கும். வசதியுள்ள மாணவர்கள் சேர்ந்து அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்குப் பரிசும் கொடுப்பார்கள். எல்லாம் மனமார வருபவைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், சில ஆண்டுகள் கழித்து அந்த ஊருக்குப் போய், அவர் எப்படிப் பாடம் நடத்தினார், எதற்குக் கோபப்படுவார், படிப்பு ஏறாத பையனை எப்படி வழிக்குக் கொண்டுவந்தார் என்று விசாரித்தால், தெளிவாகச் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. எழுதிவைத்தவர் இருப்பது அதைவிட அரிது.

இந்தக் குறை தமிழில் எப்போதும் இருந்ததல்ல. ஓர் ஆசிரியரை மாணவர் எப்படி நினைக்க வேண்டும் என்பதற்கு உலகமே பார்த்துக் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு நூல் தமிழில் இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி இரண்டு பாகங்களாக எழுதி 1933-34-இல் வெளியிட்ட சரித்திரம் அது. பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் காலமானது 1876 பிப்ரவரி 1. 2026 பிப்ரவரி 1 அந்த மறைவின் 150-ஆம் ஆண்டு நிறைவு நாள். அந்த நூலை மறுபடி எடுத்துப் படிக்க இதைவிடப் பொருத்தமான காரணம் வேண்டியதில்லை.

ஆசிரியர் மறைந்தபோது சாமிநாதையருக்கு 21 வயது நிறையவில்லை. நூல் வெளிவரத் தொடங்கியபோது 78. இடைப்பட்ட 57 ஆண்டுகளில் அவர் சீவக சிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எனப் பதிப்பித்து முடித்திருந்தார். நாடறிந்த மனிதர். பழைய ஆசிரியரைப் பற்றி ஒரு முன்னுரையில் நாலு வரி நன்றி சொல்லிவிட்டுப் போயிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ, ஆசிரியரின் வாழ்வை அவர் பிறந்த 1815-இலிருந்து தேடிச் சேர்த்தார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாமிநாதையர் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் போய்ச் சேர்ந்தது 1871-இல். நேரில் பழகியது ஐந்தாண்டுக்கும் குறைவு. அதற்கு முந்தைய ஐம்பத்தைந்து ஆண்டு வாழ்க்கையை மற்றவர்களிடம் கேட்டும், கடிதங்களைத் தேடியும், ஆசிரியரின் பாடல்களில் கிடந்த குறிப்புகளைப் பொறுக்கியும் கட்டியெழுப்பினார். ஏட்டுச்சுவடிக்காக ஊர் ஊராக அலைந்த அதே உழைப்பை ஒரு மனிதரின் வாழ்க்கைக்காகவும் கொடுத்திருக்கிறார்.

அப்படிக் கிடைத்த செய்திகள் சாதாரணமானவை அல்ல. திருச்சியில் இளைஞராக இருந்த காலத்தில், தெருவில் யாசகம் எடுத்து வந்த பரதேசி ஒருவருக்குத் தண்டியலங்காரம் தெரியும் என்று பிள்ளையவர்கள் கேள்விப்படுகிறார். கூச்சம் பார்க்கவில்லை. அவர் பின்னாலேயே சுற்றி, அவருக்கு வேண்டியதைச் செய்து கொடுத்து, அந்த நூலைப் பாடம் கேட்டுவிடுகிறார். அச்சுப் புத்தகம் அரிதாக இருந்த காலத்தில் ஒரு நூலைக் கற்பது என்றால் அது தெரிந்த ஆளைத் தேடிப் பிடிப்பது என்றுதான் பொருள். பிற்காலத்தில் தம்மைத் தேடி வந்த எந்த மாணவரையும் அவர் திருப்பி அனுப்பத் தயங்கியதற்கு இந்தப் பழைய அலைச்சலும் காரணமாக இருந்திருக்கும்.

மாயூரத்து நாட்களைச் சாமிநாதையர் ‘என் சரித்திர’த்திலும் எழுதியிருக்கிறார். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942-இல் அவர் மறைவோடு நின்றுபோன நூல் அது. அதில் ஓர் அத்தியாயத்தின் தலைப்பு ‘தளிர் ஆராய்ச்சி’. சேர்ந்த புதிதில் பிள்ளையவர்கள் அவரைச் சவேரிநாத பிள்ளை என்ற மூத்த மாணவரிடம் பாடம் கேட்கும்படி விட்டுவிட்டார். இவ்வளவு தூரம் வந்தது மகாவித்துவானிடம் நேரே கற்பதற்கல்லவா? பையனுக்கு ஏக்கம். சொல்லவோ துணிவில்லை. பிள்ளையவர்களுக்குத் தோட்டத்தில் கொள்ளைப் பிரியம் என்பதை அவர் கவனித்தார். வீட்டுத் தோட்டத்தில் வளர்ந்த மரங்களையே கொண்டுவந்து நட்டிருந்தார்கள். அவை பிழைத்துத் துளிர்க்கின்றனவா என்று ஆசிரியர் விடிந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்து வருவார். பையன் அதற்கும் முன்னால் எழுந்து தோட்டத்துக்குப் போய், எந்தக் கிளையில் எங்கே புதுத் தளிர் விட்டிருக்கிறது என்று தேடி வைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்ததும் காட்டினான். மறுநாளும் காட்டினான். சில நாட்களில் ஆசிரியரே அவனிடம் கேட்டுப் பார்க்கும் அளவுக்கு நெருக்கம் வந்துவிட்டது. அந்த நெருக்கம் தந்த தைரியத்தில்தான், தங்களிடமே பாடம் கேட்க வேண்டும் என்ற ஆசையை வாய்விட்டுச் சொன்னான். அதற்குப் பிறகு அந்தாதியும் பிள்ளைத்தமிழும் கோவையும் கலம்பகமும் மழையாகக் கொட்டின.

எழுபது ஆண்டுக்கு முந்தைய ஒரு விடியற்காலை இவ்வளவு துல்லியமாக ஒரு முதியவர் நினைவில் நின்றிருக்கிறது. அவருடைய பெயர்கூட ஆசிரியர் தேர்ந்துகொண்டதுதான். வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் சாமிநாதன் என்றும் அழைப்பார்கள் என்று தெரிந்ததும், அந்தப் பெயரே இருக்கட்டும் என்றார் பிள்ளையவர்கள்.

இந்த நூல்களின் பெருமை அவற்றின் பக்தியில் மட்டும் இல்லை. பக்தியோடு எழுதியும் ஒளிக்காமல் எழுதியிருப்பதில் இருக்கிறது. மகாவித்துவான் கடன் தொல்லையில் கிடந்தவர். இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்கள் பாடியவர், தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்த ஒரு நாளில் வீட்டில் எண்ணெய் இல்லை. அதை உணர்ந்த மாணவர் தம் கையிலிருந்த சில்லறையைக் கொண்டு ஓடிப்போய் வாங்கி வந்தார். இதையெல்லாம் எழுதினால் ஆசிரியரின் கௌரவம் குறைந்துவிடுமோ என்று சாமிநாதையர் அஞ்சவில்லை. ஊர் ஊராகக் கோயில் புராணம் பாடி வாங்கிய பணம் மாணவர்களின் சாப்பாட்டுக்கே செலவாகிப் போன ஒரு வீட்டின் வரவுசெலவு, அந்த எண்ணெய்க் கதையில் தெரிகிறது.

இசையைப் பற்றியும் அப்படித்தான். சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர், கனம் கிருஷ்ணையரின் மாணவர். மாயூரத்தில் அப்போது கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். அவரிடம் இசை கற்கும் வாய்ப்பு இளைஞருக்குக் கிடைத்தது. பிள்ளையவர்களுக்கு அது தெரியவந்தபோது, இசையில் மனம் போனால் இலக்கியப் பயிற்சி கெடும் என்றார். இசைப் பாடம் நின்றது. பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் இலக்கணப் பிழைகள் இருப்பதாகக் கருதி, அதற்குச் சிறப்புப்பாயிரம் கொடுக்காமல் பிள்ளையவர்கள் நாள் கடத்தியதையும், பிறகு பாரதியார் பாடிக் கேட்டு உருகிப் போய்க் கொடுத்ததையும் சாமிநாதையரே எழுதியிருக்கிறார். ஆசிரியரின் அளவுகோல் எங்கே முட்டி நின்றது, எங்கே வளைந்து கொடுத்தது என்று வாசகருக்கு இரண்டும் தெரிகின்றன.

அந்த வீட்டில் பாடம் கேட்டவர்களைப் பார்த்தாலும் வியப்பாக இருக்கிறது. சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். நாகூர் குலாம் காதிறு நாவலர் முஸ்லிம். கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார் இன்னொரு மாணவர். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை நெருங்கிய நண்பர். சைவ ஆதீனத்து வித்துவானான பிள்ளையவர்கள் அந்தக் கிறிஸ்தவ நண்பர் மேல் ‘குளத்தூர்க் கோவை’ பாடினார். அதே சமயம், பிராமண மாணவருக்கு வேறிடத்தில் தனியாகச் சாப்பாடு என்ற அந்தக் காலத்துச் சாதிக் கட்டுப்பாடும் அங்கே இருந்தது. அதையும் சாமிநாதையர் மறைக்கவில்லை. கடைசி இரவில் ஆசிரியரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை. திருவாசகத்தின் அடைக்கலப்பத்தை வாசித்தவர் சாமிநாதையர்.

இங்கே ஒரு கேள்வி எழும். மாணவரின் அன்பு மிகுதியால் ஆசிரியர் பெரியவராகிவிட்டாரா? 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் என்பவரிடம், தாம் கற்ற நூல்களின் பெயர்களையெல்லாம் சாமிநாதையர் வரிசையாகச் சொன்னார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்த நூலைப் பாடம் கேட்டிருக்கவில்லை. பிள்ளையவர்கள் கற்பித்தவை பெரும்பாலும் பிற்காலத்துச் சிற்றிலக்கியங்களும் புராணங்களும்தான் என்பது உண்மை. அதை வைத்து, சாமிநாதையர் தம் ஆசிரியரைத் தாண்டிப் போனார் என்று சொல்வோர் உண்டு. ஆனால், சிந்தாமணி ஏட்டைக் கையில் எடுத்தவருக்கு எது உதவியது என்று பார்க்க வேண்டும். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு இராது. அடி எங்கே முடிகிறது என்பதும் எழுத்திலிருந்து தெரியாது. ஓசையும் எதுகையும் கைவந்தவரால்தான் அதைப் பிரித்துப் படிக்க முடியும். ஆசிரியர் யோசித்துச் சொல்லச் சொல்ல, நிற்காமல் ஏட்டில் எழுதிப் பழகிய கை அது. மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் ஏறிய பயிற்சி இல்லாமல் 1887-இல் சிந்தாமணி வெளிவந்திருக்க முடியாது.

இன்று பிள்ளையவர்களின் தலபுராணங்களைப் புலமை உள்ள ஒரு சிலரே படிக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் செய்யுள் பாடிய கவிஞர் பொது வாசகர் மனத்தில் இருப்பது தம் செய்யுளால் அல்ல, தம் மாணவரின் உரைநடையால். இப்படிச் சொல்வது கவிஞருக்குக் குறைவில்லை. அவர் செய்த மற்றொரு பெரிய வேலை கற்பித்தல். அதைச் செய்யுளில் யாரும் பிடித்து வைக்க முடியாது, உடனிருந்தவர் எழுதினால்தான் உண்டு.

நினைவுச் சின்னங்கள் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கும் சாமிநாதையர் வாழ்க்கையிலேயே சான்று இருக்கிறது. 1880-இல் கும்பகோணம் கல்லூரி வேலை தமக்குக் கிடைக்கக் காரணமாக இருந்த தியாகராச செட்டியாரின் நினைவாக, சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் ‘தியாகராஜ விலாசம்’ என்று பெயர் வைத்தார். அந்த வீடு 2012-இல் இடிக்கப்பட்டது. அது நியாயமே இல்லாத ஓர் இழப்பு. செட்டியாரைப் பற்றியும் சாமிநாதையர் தனியே ஒரு சரித்திரம் எழுதிவைத்ததால், வீடு போனாலும் அந்த நன்றிக்கடனின் கதை போகவில்லை.

நம் காலத்திலும் இது நடந்திருக்கிறது. அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ எழுதியிராவிட்டால், ராமேஸ்வரத்து அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரும் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளி ஆசிரியர் அய்யாதுரை சாலமனும் வெளியுலகுக்குத் தெரிந்திருக்க மாட்டார்கள். முஸ்லிம் பையனைச் சாப்பிட அழைத்து, மனைவி பரிமாறத் தயங்கியபோது தாமே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட சிவசுப்பிரமணிய ஐயரின் செயல் ஒரு பத்திதான். ஒரு பத்தி எழுதக் கலாமாக இருக்க வேண்டியதில்லை.

நல்லாசிரியர் விருதுப் பட்டியலும் பணிநிறைவுப் பாராட்டுமடலும் ஆசிரியர்களின் பெருங்குணங்களைச் சொல்கின்றன. எந்த ஆசிரியருக்கும் பொருந்தும் சொற்கள் அவை. தேவைப்படுவது ஒருவருக்கே உரிய செய்திகள். பின்னம் புரியாத பிள்ளைக்கு அவர் எதை வெட்டிக் காட்டினார், எந்தப் பாடத்தில் குரல் மாறும், கட்டணம் கட்ட முடியாதவனுக்கு யார் மூலம் பணம் கொடுத்தார், எந்த மாணவனிடம் அநியாயமாகக் கடுமை காட்டினார், பிறகு என்ன செய்தார். இவற்றை உடன் படித்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரே மாலையில் எழுதிவிடலாம். எல்லார் கையிலும் ஒலிப்பதிவு செய்யும் கைபேசி இருக்கும் காலம் இது. நினைவேந்தல் கூட்டத்தில் பேசுவதைப் பதிவு செய்து எழுத்தாக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பள்ளிகளும் இதில் பங்கெடுக்கலாம். நூற்றாண்டு மலர் போடும் பள்ளிகள் நன்கொடையாளர் படங்களுக்கு ஒதுக்கும் பக்கங்களில் கால் பங்கையாவது மறைந்த ஆசிரியர்களைப் பற்றிய மாணவர் நினைவுகளுக்குக் கொடுக்க வேண்டும். ஃபிளக்ஸுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு வெளியீடு அச்சிட்டுப் பள்ளி நூலகத்திலும் ஊர் நூலகத்திலும் வைத்துவிடலாம். ஆசிரியர் உயிரோடு இருக்கும்போதே தொடங்கினால் இன்னும் நல்லது. அவரே தம் ஆசிரியரைப் பற்றிச் சொல்வார், இரண்டு தலைமுறை கிடைக்கும்.

மகாவித்துவானின் 150-ஆம் நினைவாண்டை ஒட்டிச் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. சாமிநாதையர் எழுதிய சரித்திரம் மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. ஆனால், இன்றைய இளைஞருக்கு அதில் வரும் ஊர்களும் ஆட்களும் நூற்பெயர்களும் புரியக் குறிப்புகள் வேண்டும். அவற்றோடு ஒரு மலிவுப் பதிப்பைத் தமிழ்நாடு அரசின் பாடநூல் கழகமே கொண்டுவரலாம். ‘தளிர் ஆராய்ச்சி’ அத்தியாயத்தைக் கல்வியியல் கல்லூரி மாணவர்களுக்குப் பாடமாக வைக்கலாம். வாய் திறந்து கேட்கத் தெரியாத ஒரு மாணவன் எப்படியெல்லாம் ஆசிரியரின் கவனத்துக்காகக் காத்திருப்பான் என்பதை, வகுப்பறைக்குள் முதல்முறை நுழையப் போகிற ஒருவருக்கு அந்தச் சில பக்கங்கள் காட்டிக் கொடுக்கும்.