விலை இறங்கும், கடன் இறங்குமா?

தோட்டத்துத் தோழர்களே! எண்ணெய் விலை ஏறினால் நமக்கென்ன, இறங்கினால் நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். இன்று நாம் பேச வந்தது செம்பனை எண்ணெயைப் பற்றி அல்ல. கடலுக்கடியில் துளை போட்டு எடுக்கிறார்களே, அந்தக் கச்சா எண்ணெயைப் பற்றி. அதன் விலையைப் பேசி முடிப்பவர்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கிறார்கள். விலை விழுந்தால் அடி விழுவதோ ஜூரோங்கில் வெல்டிங் பிடிக்கிற கைக்கும், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து அடுப்புக்கும்.

ஜூரோங் ஒரு காலத்தில் சதுப்பும், இறால் குட்டையும், ரப்பர் தோட்டமுமாகக் கிடந்த பூமி. 1961ல் அங்கே தொழிற்பேட்டை வேலை தொடங்கியது. 1963ல் ஜூரோங் கப்பல் பட்டறை வந்தது. பிறகு ஏழு சிறு தீவுகளை மண் கொட்டி இணைத்து ஜூரோங் தீவு என்று ஓர் எண்ணெய் நகரத்தையே எழுப்பி 2000ல் திறந்து வைத்தார்கள். சிங்கப்பூர் மண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் ஊறுவதில்லை. ஆனாலும் எண்ணெய் தோண்டும் ரிக்குகளைக் கட்டுவதில் உலகத்தில் முன்வரிசையில் நின்றது இந்த ஊர்.

அந்த ரிக்கைக் கட்டியது யார்? இரும்பை வெட்டினவன், ஒட்டினவன், சாரம் கட்டினவன், பெயிண்ட் அடித்தவன் என்று பார்த்தால் பாதிப் பேர் நம்ம ஊர் முகமாகவும் வங்காளதேச முகமாகவும் இருக்கும். எண்ணெய் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற ஆண்டுகளில் யார்டுகளில் ராப்பகலாக ஓ.டி. நடந்தது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை நீண்டது. ஊரில் ஓட்டு வீடு மாடி வீடானது. தங்கச்சி கல்யாணம் நடந்தது. "அவன் மகன் சிங்கப்பூர்ல இருக்கான்" என்ற ஒரு சொல்லுக்கே வட்டிக்காரர் பெட்டியைத் திறந்தார். நடவுக்கு ஆள் கிடைக்காமல் வயல் தரிசானதும் அதே காலத்தில்தான்.

2014ன் நடுவில் பீப்பாய் 110 டாலரைத் தாண்டி நின்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. ரிக் கேட்டவர்கள், "இப்ப வேணாம், அப்புறம் பார்க்கலாம்" என்று கையை விரித்தார்கள். 2016 ஜூலையில் ஸ்வைபர் நிறுவனம் கடனில் மூழ்கி நீதிமன்றத்துக்குப் போனது. பெரிய யார்டுகளில் ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்பு நடந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையில் எண்ணெய் விலை ஒரு நாள் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிய வேடிக்கையும் நடந்தது. அன்று நம் பிள்ளைகள் கொரோனாவுக்காகத் தங்கும் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். கடைசியில் 2023ல் கெப்பலின் ரிக் தொழிலும் செம்கார்ப் மரீனும் ஒன்றாகி சீட்ரியம் ஆயின.

கம்பெனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பிழைத்துக் கொண்டன. தொழிலாளி யாரோடு போய்ச் சேருவான்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. எண்ணெய் விலை இறங்கலாம், ஓ.டி. இறங்கலாம், சம்பளம் இறங்கலாம். இங்கு வருவதற்காக வாங்கிய கடன் மட்டும் ஒரு காசு இறங்குவதில்லை. ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தை அடைக்கவே பலருக்கு ஒரு வருஷச் சம்பளம் போகிறது. அதற்கு அடகு வைத்தது அம்மாவின் நகை, அப்பாவின் நிலம். கடன் பாதியில் நிற்கும்போது பெர்மிட் ரத்தானால் அவன் கொண்டு போவது துணிப் பெட்டி மட்டுமல்ல, வட்டியும் கூடவே போகிறது. ஊரில் கம்பி நீட்டிக் கொண்டு அரைகுறையாக நிற்கும் மாடிகளைப் பார்த்தால் சொல்லாமலே கதை தெரியும்.

தோட்டத்து மக்களுக்கு இது புதுக்கதையா? 1910ல் ரப்பர் விலை உச்சியில் நின்றபோது கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்கள். 1930ல் விலை மண்ணைக் கவ்வியதும் நம் முன்னோரின் கூலியை வெட்டினார்கள். பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறும்போது 'வா' என்பதும், இறங்கும்போது 'போ' என்பதும் அன்று ரப்பரில் நடந்தது, இன்று எண்ணெயில் நடக்கிறது. கங்காணி போய் ஏஜெண்டு வந்தான், அவ்வளவுதான்.

உலக விலையை நாம் கட்டிப் போட முடியாது. அதன் பாரம் யார் தலையில் ஏறுவது என்பதை மாற்ற முடியும். ஆள் தேவைப்படுவது முதலாளிக்கு. ஆகவே ஆளை வரவழைக்கும் செலவும் முதலாளியுடையதாக வேண்டும். சிங்கப்பூர் ஏஜெண்டு இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. கடல் தாண்டி ஊரில் கை மாறும் பணத்தை அந்தச் சட்டம் எட்டவில்லை. அதைப் பிடிக்க வேண்டியது இந்திய அரசும் தமிழக அரசும்.

அதுவரை தொழிலாளர்கள் மனதில் வைக்க வேண்டியவை சில உண்டு. வேலை கொடுப்பதற்கு முதலாளி பணம் கேட்பது இங்கே குற்றம். திருப்பி அனுப்பும் பயணச் செலவும் முதலாளியுடையதே. சம்பளச் சீட்டு கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. ஓ.டி. மணியை நீங்களும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சம்பளம் நின்றால் "நாளைக்கு வரும், நாளன்னைக்கு வரும்" என்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். வேலையில் இருப்பவர் ஓராண்டுக்குள்ளும், வேலை முடிந்தவர் ஆறு மாதத்துக்குள்ளும் புகார் கொடுக்க வேண்டும்.

ஊரிலிருக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை அனுப்புவதானால் அனுப்புங்கள், தப்பில்லை. நிலத்தை எழுதிக் கொடுத்து மட்டும் அனுப்பாதீர்கள். எண்ணெய் விலை மறுபடி ஏறும், யார்டும் ஆள் கேட்கும். போன நிலம் திரும்பி வராது.