உராய்வு என்ன பாவம் செஞ்சது?

மகளுக்கு ஒரு மார்க் போச்சு. இதுக்கெல்லாம் ஒரு பதிவான்னு கேக்காதீங்க. ஊரை விட்டு மட்டாஞ்சேரிக்கு வந்து ஆறு வருஷமாச்சு, ஸ்கூலுக்கு நான் சண்டைக்குப் போனது இதுதான் முதல் தடவை.

இயந்திரங்களில் உராய்வின் விளைவு என்னன்னு கேள்வி. தேய்மானம், வெப்பம் எல்லாம் எழுதிட்டு, "டர்பைன் பிளேடு உடையாமலிருக்க வேணும்னே உராய்வு வைப்பாங்க"ன்னு கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கா. (சொல்லிக்கொடுத்த புண்ணியவான் யாருன்னு தெரியுமே!) மிஸ் சிவப்பு மையில் அடிச்சுட்டாங்க. "புஸ்தகத்தில் இல்லல்லோ சாரே."

இல்லைதான். ஆனா அந்த வரி சரி. ஒரு முனையைப் பிடிச்சு மறுமுனையைச் சுண்டின ஸ்கேல் மாதிரிதான் பிளேடும். ஓடும்போது வாயு ஒரே தாளத்தில் அதைத் தட்டிக்கிட்டே இருக்கும். அந்தத் தாளம் பிளேடோட இயல்பான அதிர்வோட ஒத்துப்போச்சுன்னா ஆட்டம் ஏறிக்கிட்டே போகும். உலோகம் தானா அடக்குறது ரொம்பக் கொஞ்சம். அதனாலதான் கேஸ் டர்பைன்களில் அடுத்தடுத்த பிளேடுகளின் மேடைக்கு அடியில் ஒரு குட்டி உலோகத்துண்டு வைப்பாங்க. சுழற்சியில் மையவிலக்கு விசை அதை மேடையோட அழுத்தும். பிளேடு ஆடினா துண்டு உரசும், ஆட்டத்தோட சக்தி சூடா மாறிப் போயிடும். அழுத்தம் குறைஞ்சா சும்மா வழுக்கும். கூடினா ஒட்டிக்கிட்டு உரசவே உரசாது. "நல்லா இறுக்கிட்டா சரியாயிடும் சார்"னு சொல்ற நம்மாளுங்க இதைக் கவனிக்கணும் :-)

அதிர்வு சின்ன விஷயமா? 1993 மார்ச் 31, உத்தரப்பிரதேசத்தில் நரோரா அணுமின் நிலையம். டர்பைனின் கடைசி வரிசையில் இரண்டு பிளேடு உலோகக் களைப்பால் உடைஞ்சது. சமநிலை தவறி, ஹைட்ரஜன் கசிஞ்சு, தீப்பிடிச்சு, கேபிள் எல்லாம் எரிஞ்சு, சுமார் 17 மணி நேரம் அந்த யூனிட்டுக்கு மின்சாரமே இல்லை. ஊழியர்கள் டார்ச் லைட்டோட உலைக் கட்டடத்து மேல ஏறி, கையால வால்வு திறந்து போரான் கரைசலை விட்டாங்க. உராய்வு குறைஞ்சுதான் அது உடைஞ்சதுன்னு நான் சொல்லலை. ஒரு பிளேடு களைச்சா எதுவரைக்கும் போகும்னு சொல்றேன்.

காயலுக்கு அந்தப் பக்கம், கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான விக்ராந்த் 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்தது. உள்ளே நாலு கேஸ் டர்பைன். அன்னிக்கு வகுப்பில் மிட்டாய் கொடுத்த அதே ஸ்கூல்தான் இன்னிக்கு டர்பைன்னு எழுதினா கோடு போடுது. நடக்கவும் பிரேக் பிடிக்கவும் மட்டும் உராய்வு நல்லது, மெஷினுக்குள்ள போனா எதிரின்னு எத்தனை காலம் நெட்டுரு போட வைப்பாங்க?

திங்கட்கிழமை மறுபடி போறேன். கையில் ஒரு இரும்பு ஸ்கேலோட. (தப்பா நினைக்காதீங்க, செஞ்சு காட்டத்தான்.)