மதுரைக்கு ஒரு நாடக சாலை

மத்திய சர்க்காரின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025-ம் வருஷம் மார்ச் மாதத்தோடு முடிவடைந்துவிட்டது. 2016-ல் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்ட மதுரை மாநகருக்குப் புதிய பஸ் நிலையம் கிடைத்தது. வீதிகளிற் சில புதுப்பிக்கப்பட்டன. தமுக்கம் மைதானத்தில் 2022-ல் பெரியதொரு மண்டபமும் திறக்கப்பட்டது. கிடைத்ததைக் குறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. ஆனால், கணக்கை மூடும் வேளையில் கிடைக்காதது எது என்று கேட்பதும் பத்திரிகையின் கடமையாகும். தமிழ் நாடகத்தின் தாயகம் என்று பெயர் பெற்ற மதுரையில், நாடகத்துக்கென்றே கட்டப்பட்டு, நகரத்தாருக்குச் சொந்தமாய், ஏழை நடிகனும் துணிந்து வாடகை பேசக்கூடியதாய் ஒரு நாடக சாலை இல்லை. இக்குறையை மாநகராட்சி நிவர்த்திக்க வேண்டும் என்பதும், வீட்டு வரி செலுத்துவோர் தலையில் புதிய சுமை ஏற்றாமலே அதைச் செய்ய முடியும் என்பதும் நமது அபிப்பிராயம்.

இது ஆடம்பரக்காரர்களின் கோரிக்கை என்று நினைப்பவர்கள், திருமலை நாயக்கர் மஹாலுக்கு ஒரு முறை சென்று வரட்டும். பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த அந்த அரண்மனைக்குள்ளேயே நாடக சாலை என்ற பெயருடன் ஒரு மண்டபம் இன்றும் நிற்கிறது. மன்னன் தனக்கென்று கட்டிக்கொண்டதை, மக்களாட்சியில் மக்கள் தமக்கென்று கட்டிக்கொள்ளக் கூடாதா? 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவியது இந்த மதுரையில்தான். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பயின்ற சிறுவர்கள் பிற்காலத்தில் சினிமாவையும் அரசியலையும் ஆண்டார்கள். தமிழ் மேடைக்கு இந்நகரம் கொடுத்தது ஏராளம். மேடைக்கென்று இந்நகரம் வைத்துக்கொண்டதோ ஒன்றுமில்லை.

தேசிய இயக்கத்தில் ஈடுபட்ட நமக்கு மேடையிடம் தனிக் கடன் ஒன்றும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான ஜனங்களுக்கு விடுதலையின் பொருளை எடுத்துச் சொன்னவை எம்போன்ற பத்திரிகைகள் மட்டுமல்ல. இரவு முழுவதும் எரிந்த நாடகக் கொட்டகை விளக்குகளுமாகும். மதுரகவி பாஸ்கரதாஸ் பாட்டெழுதினார். விசுவநாததாஸ் அதை மேடையில் பாடினார். போலீஸார் அவருக்காகக் காத்திருந்தனர். பலமுறை சிறை சென்ற அவர், 1940-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி சென்னையில் முருக வேடம் புனைந்து மேடையில் அமர்ந்திருக்கையிலேயே உயிர் நீத்தார். மதுரையை அடுத்த திருமங்கலத்தில் அவருக்கு நினைவில்லம் இருக்கிறது. நினைவில்லம் நல்லதே. ஆயினும், நடிகனுக்குச் சரியான ஞாபகச் சின்னம் நடமாடும் மேடையேயன்றி வேறென்ன?

மேடையின் சக்தியை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தவர்கள் அன்னிய ஆட்சியாளர்கள். 1876-லேயே நாடகங்களை அடக்கச் சட்டம் செய்தார்கள். சுதந்திரம் வந்த பின்னரும் அந்தப் புத்தி நம்மை விட்டு நீங்கவில்லை. 1954-ல் சென்னை ராஜ்யத்தில் அதே போக்கில் ஒரு சட்டம் பிறந்தது. 2013-ல்தான் சென்னை ஹைகோர்ட்டு அது செல்லாதென்று தீர்ப்பளித்தது. 1876-ம் வருஷத்துச் சட்டத்தைப் பார்லிமெண்டு அண்மையிலேதான் புத்தகத்திலிருந்து அகற்றியது. நாடகத்தைக் கட்டிப் போடுவதற்கு சர்க்கார்கள் இத்தனை காலம் சிரத்தை எடுத்துக்கொண்டன. கட்டிக் கொடுப்பதற்கு அதிற் பாதி சிரத்தையாவது எடுத்துக்கொண்டனவா?

‘மதுரையில் மண்டபங்களுக்குக் குறைவா?’ என்று கேட்கப்படலாம். மண்டபங்கள் இருக்கின்றன, மாநாட்டுக்கும் கண்காட்சிக்கும் கல்யாணத்துக்கும் அவை உபயோகமாகின்றன. ஆனால், நாலு சுவரும் ஒரு மேடையும் சேர்ந்தால் நாடக சாலை ஆகிவிடாது. பின் வரிசையில் இருப்பவனுக்கும் நடிகனின் முகபாவம் தெரியும்படி தளம் சரிந்திருக்க வேண்டும். ஒலிபெருக்கியின் அலறல் இன்றியே குரல் கேட்கும்படி கூரையும் சுவரும் அமைய வேண்டும். திரைகள் மேலேறவும், விளக்குகள் தொங்கவும், வேடமிடவும், ஒத்திகை நடத்தவும் இடம் வேண்டும். சமதளத்தில் நாற்காலி போட்டு, மாலையில் அரசியல் கூட்டமும் மறுநாள் வரவேற்பு விருந்தும் நடத்தும் கூடம் எதற்கும் ஆகும். ஆனபடியால் எதற்கும் முழுமையாக ஆகாது.

இதற்கிடையே நடிகர்கள் அழிந்துவிடவில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரால் சங்கம் வைத்துக்கொண்டு இசை நாடகக் கலைஞர்கள் இன்றும் மதுரையில் வாழ்கிறார்கள். திருவிழாக் காலத்தில் கிராமங்களுக்குச் சென்று, இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும் வரை ஆடிவிட்டு, முதல் பஸ்ஸில் திரும்புகிறார்கள். பல ஊர்களிலிருந்து தனித்தனியே வந்த நடிகர்கள், முன் ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவே ஒன்றுகூடி வள்ளி திருமணம் நடத்திக் காட்டும் திறமை உலகில் வேறெங்கும் எளிதிற் காணக்கூடியதன்று. அவர்கள் குடியிருப்பது மதுரையில். ஆனால் அவர்கள் நடிப்பதை மதுரை பார்ப்பது அபூர்வம். கோயில் கொடைக் காலம் முடிந்தால் அடுப்பும் அணைந்துவிடுகிறது. நகரத்தில் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஒரு மேடை அவர்களுக்கு அலங்காரமன்று, ஜீவனோபாயம்.

இனி, எதிர்த்தரப்பாரின் வாதத்தைக் கவனிப்போம். அது அற்பமான வாதமன்று. ‘சாக்கடை இல்லாத தெருக்கள் இருக்கின்றன; குடி தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள்; வைகையில் கழிவு கலக்கிறது. இந்நிலையில் நாடக சாலை எதற்கு?’ என்கிறார்கள். தண்ணீருக்குரிய பணத்தை எடுத்து நாடகத்துக்குச் செலவிடச் சொன்னால் நாமே முதலில் எதிர்ப்போம். ஆகவே, கட்ட வேண்டுமா என்ற கேள்வியைவிட, எந்தப் பணத்தைக் கொண்டு கட்டுவது என்ற கேள்வியே முக்கியமானது.

இவ்விஷயத்தில் அமெரிக்காவில் வட கரோலினா ராஜ்யத்தைச் சேர்ந்த டர்ஹாம் நகரின் அனுபவம் கவனிக்கத்தக்கது. அது பெருநகரமன்று, 2010-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி சுமார் 2,28,000 பேர் வாழ்ந்த ஊர். புகையிலைத் தொழிலால் வளர்ந்தது. 1987-ல் பெரிய சிகரெட் தொழிற்சாலை மூடப்பட்டதும் நகரின் மையம் களையிழந்தது. மூடிய ஆலைக் கட்டிடங்கள் 2004-ல் காரியாலயங்களாகப் புத்துயிர் பெற்றன. அவற்றின் பக்கத்திலேயே சுமார் 2,700 ஆசனங்கள் கொண்ட அரங்கத்தை, சுமார் 4 கோடியே 80 லட்சம் டாலர் செலவில் நகரசபை கட்டி, 2008 நவம்பரில் திறந்தது. பணம் வந்த வழிதான் நாம் கவனிக்க வேண்டியது. வெளியூரார் தங்கும் ஹோட்டல் அறைகளின் மீது விதித்த வரி ஒரு பங்கு. ட்யூக் சர்வகலாசாலை கொடுத்த 75 லட்சம் டாலர் ஒரு பங்கு. நுழைவுச் சீட்டின் மீது வாங்கும் சிறு கட்டணம் ஒரு பங்கு. கட்டிடம் நகரத்தாருடையது, நடத்துவோர் தொழில் தெரிந்த கம்பெனியார், லாபத்தில் நகரத்துக்கும் பங்குண்டு. பாங்குகள் சரிந்த அந்த 2008-ம் வருஷத்திலேயே திறந்தும் அரங்கம் நிலைத்து நின்றது.

ஆனால், ஒரு வெற்றியைக் கண்டு மயங்குவது விவேகமாகாது. அந்நாட்டிலேயே 1994 முதல் 2008 வரை கட்டப்பட்ட கலைக் கட்டிடங்களை ஆராய்ந்த சிக்காகோ சர்வகலாசாலையார், நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை மதிப்பிட்ட தொகையை மீறிச் செலவிழுத்தன என்று 2012-ல் வெளியிட்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலைப் பாருங்கள். ஜமீன்தார்களும் வர்த்தகர்களும் அளித்த நன்கொடையால் 1880-களில் எழுந்தது; சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகம் நடத்திப் புகழ் பெற்றது. பிற்காலத்தில் அது நெடுங்காலம் பயனின்றிப் பாழடைந்து கிடந்தது. பழுது பார்க்க மாநகராட்சி கோடிக்கணக்கில் கொட்ட வேண்டியதாயிற்று. கட்டுவதற்குப் பணம் தரப் பிரபுக்கள் வருவார்கள். கூரை ஒழுகும்போது வருவதற்கு ஆளிராது. இது நாம் மறக்கலாகாத பாடம்.

டர்ஹாம் நகரின் வழியை அப்படியே பின்பற்றுவதும் சாத்தியமன்று. ஹோட்டல் அறைகளின் மீதான நம்முடைய ஆடம்பர வரி 2017-ல் ஜி.எஸ்.டி.க்குள் கரைந்துவிட்டது, மாநகராட்சி அதைத் தனியே விதிக்க இயலாது. ஆயினும், சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அரசியல் சட்டத்தின் 101-வது திருத்தம், கேளிக்கை வரியை விதித்து வசூலிக்கும் உரிமையைப் பஞ்சாயத்துக்களுக்கும் நகர சபைகளுக்கும் விட்டுவைத்தது. அதற்கிசையத் தமிழ்நாடு சட்டசபையும் 2017-ல் சட்டம் இயற்றியது. நம் ராஜ்யத்தில் கேளிக்கை வரி சுதந்திரத்துக்கு முன்பே பிறந்தது. அன்று முதல் கொட்டகையில் உட்கார்ந்தவன் கொடுத்த காசு தெருவுக்கும் விளக்குக்கும் போயிருக்கிறது. அவ்வரியின் வருமானத்தில் ஒரு சிறு பங்கைப் பத்து வருஷங்களுக்குத் தனி நிதியாக ஒதுக்குவதாக மாநகராட்சி தீர்மானம் செய்யட்டும். கேளிக்கையிலிருந்து வந்த பணம் கேளிக்கைக்கே ஒரு பகுதி திரும்பினால் யாருக்கும் அநியாயமில்லை. தண்ணீர் கணக்கும் சாக்கடைக் கணக்கும் தீண்டப்படா.

நிலம் மாநகராட்சியுடையதாக இருக்கட்டும். அது நகரின் மையத்தை ஒட்டியிருத்தல் அவசியம். இரவு நாடகம் முடிந்து பஸ் ஏற வேண்டியவன் காரில் வருபவனல்ல. ஆனால், மீனாக்ஷி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் எல்லைக்குள் கட்டிடங்களின் உயரம் ஒன்பது மீட்டருக்கு மேற்படக் கூடாதென்று 1997-ல் விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டுக்கு நாடக சாலையும் விலக்காகக் கூடாது. திரை மேலேறும் மேடைக்கு அவ்வுயரம் போதாது. ஆதலால் அந்த எல்லைக்குச் சற்று வெளியே இடம் தேடுவதே முறை. 2,700 ஆசனம் நமக்கு வேண்டியதில்லை. 800 ஆசனம் போதும். நிறைந்த சிறு கொட்டகை, வெறிச்சோடிய பெரிய மாளிகையைவிட மேலானது.

மீதிப் பணத்துக்கு மதுரை வர்த்தகர்களிடமும், வெளிநாடுகளில் பொருளீட்டும் மதுரை மக்களிடமும் நகரம் கையேந்த வேண்டும். அதில் அவமானமில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கம் 1901-ல் பாண்டித்துரைத் தேவரின் கொடையால் அல்லவா எழுந்தது? பெருங்கொடையாளர் பெயரை ஒரு கூடத்துக்கு இடலாம். ஆனால் ஒரு ரூபாய் கொடுத்த ரிக்‌ஷாக்காரனின் பெயரும் கணக்குப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

நாம் வற்புறுத்தும் நிபந்தனைகள் நான்கு. முதலாவது, பராமரிப்புக்கென்று மூலதன நிதி பாங்கியில் சேரும்வரை அஸ்திவாரக் கல் நாட்டக் கூடாது. இரண்டாவது, வருஷத்தில் குறிப்பிட்ட நாட்கள் இசை நாடகத்துக்கும் உள்ளூர்க் குழுக்களுக்கும் குறைந்த வாடகையில் ஒதுக்கப்பட வேண்டும். இல்லையேல் சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வரும் படாடோபக் காட்சிகளே நாள்களை வாங்கிவிடும். ஐந்நூறு ரூபாய்க்கு உட்பட்ட நாடகச் சீட்டுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, பெரும்பாலான ஆசனங்கள் அதற்கும் வெகுவாகக் கீழே இருக்கட்டும். மூன்றாவது, நிர்வாகக் குழுவில் நடிகர்களுக்கு ஸ்தானம் வேண்டும். வரவு செலவு வருஷந்தோறும் பத்திரிகைகளில் வெளியாக வேண்டும். நான்காவது, ஆளும் கட்சியை ஏசும் நாடகத்துக்கும் அங்கே இடம் மறுக்கப்படலாகாது. போற்றுவோருக்கு மட்டும் திறக்கும் கதவு 1876-ம் வருஷத்துச் சட்டத்தின் தம்பியேயாகும்.

கதவைப் பற்றி இன்னொரு சொல். டர்ஹாம் நகரில் 1926-ல் திறந்த பழைய நாடக சாலையில், 1963 வரை கறுப்பு ஜனங்கள் தனி வாசல் வழியாக ஏறி மேல்மாடத்தில்தான் உட்கார முடிந்தது. அதைப் படித்து நாம் ஏளனம் செய்ய வேண்டாம். விசுவநாததாஸ் பிறந்த குலத்தைச் சொல்லி அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் நம் நாட்டிலேயே இருந்தார்கள். தேசத்துக்காகப் பாடிய வாயை ஜாதியின் பெயரால் மூடப் பார்த்த அந்தப் பாவத்துக்கு நாம் இன்னும் பிராயச்சித்தம் செய்யவில்லை. மதுரை நாடக சாலைக்கு வாசல் ஒன்றே இருக்கட்டும். அது எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். அதன் மேல் அவருடைய பெயர் பொறிக்கப்படட்டும்.

மேயரும் நகர சபை அங்கத்தினர்களும் செய்ய வேண்டிய முதற் காரியத்துக்குச் செலவே இல்லை: தனி நிதி ஒன்றை ஏற்படுத்தும் தீர்மானம். அதற்குக் கட்சி பேதமின்றி ஆதரவு திரட்டுவது பொதுவாழ்வில் ஈடுபட்ட ஒவ்வொருவரின் கடமை. தெருவுக்குத் தெரு மேடை போட்டுப் பேசி வளர்ந்தவர்கள் நாம். நமக்கு மேடை கட்டித் தந்தவர்களுக்கு ஒரு மேடை கட்டித் தர நாம் தயங்கலாமா? மதுரை மகாஜனங்கள் முன்வருவார்களாக.