துடைக்கவில்லை என்ற பழி

1942 பிப்ரவரி 17 அன்று, சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்கள் கீழே வைத்த ஆயுதம் பெரும்பாலும் லீ-என்ஃபீல்டு. பத்துத் தோட்டா கொள்ளும், வேகமாகச் சுடலாம், சேற்றையும் மழையையும் தாங்கும். அவர்களை வென்ற படையின் ஆயுதங்களில் சிலவோ, துப்பாக்கியோடு பல ஆண்டு புழங்கியவர்களையும் இன்றுவரை திகைக்க வைப்பவை.

ஜப்பான் 1922இல் படையில் சேர்த்த 'டைப் 11' இலகு இயந்திரத் துப்பாக்கியைப் பார்க்கலாம். அதில் மேகசின் கிடையாது. இடப்பக்கம் ஒரு திறந்த தொட்டி. சாதாரண வீரன் தன் ரைஃபிளுக்கு வைத்திருக்கும் ஐந்து தோட்டா கொண்ட கிளிப்புகள் ஆறை அதில் அடுக்கி, ஸ்பிரிங் வைத்த மூடியால் அழுத்திவிட வேண்டும். இதை வடிவமைத்த கிஜிரோ நம்பு ஜப்பானின் பேர்பெற்ற ஆயுத வல்லுநர். குழுவில் உள்ள எவரும் தன்னிடமுள்ள தோட்டாவையே இயந்திரத் துப்பாக்கிக்குக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. காகிதத்தில் பழுதில்லாத கணக்குதான். ஆனால் உள்ளே போகும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் எண்ணெய் தடவினால்தான் அது ஓடும். அதற்கென்றே தொட்டிக்கு மேலே ஒரு சின்ன எண்ணெய்க் கலம் இருந்தது. எண்ணெய் பட்ட இடத்தில் தூசியும் மணலும் ஒட்டும். ஒட்டியது உள்ளே போய்ச் சிக்கும். குறிபார்ப்பதற்கு வாகாக, பின்கட்டையையும் வலப்பக்கமாக வளைத்து வைத்திருந்தார்கள். பத்துக் கிலோ எடையுள்ள அந்தச் சாமானைச் சீனத்துப் புழுதியில் தூக்கி ஓடியவன் கதி என்னவாக இருந்திருக்கும்?

அதே படையின் 'டைப் 94' கைத்துப்பாக்கி இன்னும் மோசம். விசையையும் சுத்தியலையும் இணைக்கும் தகடு இடப்புறத்தில் மூடியின்றி வெளியே தெரியும். பூட்டு விலகியிருக்கும் நேரத்தில் அதன் முனை அழுந்தினால் போதும், விசையைத் தொடாமலேயே வெடித்துவிடும். 1939இல் வந்த 'டைப் 99' ரைஃபிளில் இன்னொரு விசித்திரம்: பறக்கும் விமானத்தைக் குறிவைக்க, பார்வைச் சட்டத்தில் இருபுறமும் மடக்கி விரிக்கும் கைகள். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டிய துப்பாக்கியால் விமானத்தை வீழ்த்த நினைத்தவர்கள், அதைத் தூக்கி நின்றவனிடம் யோசனை கேட்டிருக்க மாட்டார்கள்.

இத்தனை குறையோடும் ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்ததே என்பார்கள். உண்மைதான். வானும் கடலும் அதன் பிடியில் இருந்தன, டாங்கிகள் இருந்தன, தளபதிகளிடம் வேகம் இருந்தது. போரின் முடிவை ஒரு ரைஃபிள் தீர்மானிப்பதில்லை. ஆனால் வெற்றி பெற்ற படையிலும், தன் துப்பாக்கி சிக்கிய கணத்தில் சிப்பாய் ஒருவன் தனியாகத்தான் நிற்கிறான். பேச வேண்டியது அவனைப் பற்றி.

பழி எங்கே விழுகிறது என்பதுதான் இதில் முக்கியம். சாங்கியில் இருந்த பிரிட்டிஷாரின் 15 அங்குலப் பீரங்கிகள் கடலைப் பார்த்தே நின்றன, திருப்ப முடியவில்லை என்று இன்றும் சொல்லக் கேட்கலாம். ஆனால் சாங்கியின் ஜொகூர் பேட்டரி பீரங்கிகள் ஜொகூர் பக்கம் சுடவே செய்தன. குறை குண்டுகளில் இருந்தது. கையிருப்பில் பெரும்பகுதி கப்பலின் இரும்பைத் துளைப்பதற்கானவை. மண்ணில் பரவி நிற்கும் காலாட்படைமீது அவை அதிகம் செய்ய முடியாது. கொள்முதல் செய்தவர்களின் கணக்குப் பிழை, பீரங்கியின் திசைமீது ஏற்றப்பட்டுவிட்டது.

இந்தப் பழிமாற்றம் கொடூரமான விலை கேட்டது வியட்நாமில். 1960களின் நடுவில் அங்கு போன எம்16, எடை குறைந்த, குறி தவறாத துப்பாக்கி. அதற்கென்று தேர்ந்தெடுத்த வெடிமருந்தை அமெரிக்க ராணுவம் வேறொன்றாக மாற்றியது. சுடும் வேகம் கூடியது, கரியும் கூடியது. தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு கொடுக்கவில்லை. ஈரம் மிகுந்த அந்த மண்ணில் அது துருவேறியது. போதாததற்கு, அதிகம் துடைக்கத் தேவையில்லாத துப்பாக்கி என்ற பேச்சு பரவி, துடைக்கும் சாமான்கள்கூடப் பலருக்குப் போய்ச் சேரவில்லை. சுட்ட தோட்டாவின் கூடு அறைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அதை வெளியே எடுக்க, குழலின் வாய்வழியாகக் கம்பியை விட்டுக் குத்த வேண்டும். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டிய வேலை அது. பக்கத்தில் கம்பி கிடக்க, துப்பாக்கி சிக்கிய நிலையில் வீரர்கள் இறந்து கிடந்த செய்திகள் ஊருக்குக் கடிதங்களாகப் போயின. மேலிடத்தின் முதல் பதில்: சரியாகத் துடைக்கவில்லை. 1967இல் நாடாளுமன்ற உறுப்பினர் இச்சோர்ட் தலைமையிலான துணைக்குழு விசாரித்த பிறகே, ராணுவ நிர்வாகத்தின் அலட்சியம் அம்பலமானது. அறைக்குக் குரோமியப் பூச்சு வந்தது, துடைக்கும் சாமான்களும் பயிற்சியும் வந்தன. அதே துப்பாக்கி நம்பகமானதாக மாறியது.

அந்த 1967ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூரில் தேசிய சேவை (என்எஸ்) தொடங்கியது. சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவப்பட்டதும் அதே ஆண்டில். திருத்தப்பட்ட எம்16, உரிமம் பெற்று இங்கே தயாரானது. எம்16இன் உருவாக்கத்தில் பங்கெடுத்த அமெரிக்க வடிவமைப்பாளர் ஜிம் சல்லிவனே பின்னாளில் இந்த நிறுவனத்துக்காக 'அல்டிமேக்ஸ் 100' இலகு இயந்திரத் துப்பாக்கியை வடித்தார். வெற்று எடை ஐந்து கிலோவுக்குள். உள்ளே ஓடும் போல்ட் பின்சுவரில் மோதாமலே நின்று திரும்புவதால் தோளில் உதைப்பு மிகக் குறைவு. மெலிந்த உடல்வாகு கொண்ட பதினெட்டு வயதுப் பையனும் அதைக் கட்டுப்படுத்திச் சுடலாம். யார் தூக்கப் போகிறார்கள் என்பதிலிருந்து யோசித்தால் கிடைக்கும் பலன் இது.

1999இல் வந்த சிங்கப்பூரின் எஸ்ஏஆர் 21 ரைஃபிளுக்கும் அந்த யோசனை உண்டு. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள எம்16க்குப் பதில் சுமார் 80 செண்டிமீட்டர். கவச வண்டிக்குள் ஏறி இறங்க வசதி. ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி அதிலேயே பொருத்தப்பட்டது. கன்னம் படும் இடத்தில், உள்ளே ஏதும் வெடித்தாலும் முகத்தைக் காக்கக் கெவ்லார் தகடு. ஒரு விஷயத்தில் மட்டும் வடிவமைப்பு பாதியில் நின்றுவிட்டது. இயந்திரப் பகுதி விசைக்குப் பின்னால், கன்னத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கூடு வலப்பக்கமாகத்தான் தெறிக்கும். இடக்கைப் பழக்கமுள்ளவர் இடத்தோளில் வைத்தால் முகத்தருகே சூடான பித்தளை. எனவே பயிற்சித் தீவான புலாவ் தெக்கோங்கில் அவர் வலத்தோளுக்குப் பழக வேண்டியிருக்கிறது. பத்தில் ஒருவர் இடக்கையர். பிறந்ததிலிருந்து வந்த பழக்கத்தைச் சில வாரங்களில் மாற்றிக்கொண்டு குறி தவறாமல் சுட வேண்டும் என்றால், பிழை பையனுடையதா?

இடக்கையருக்கும் பொருந்தச் செய்வது முடியாத காரியமில்லை. 1970களிலேயே ஆஸ்திரியாவின் ஸ்டைர் ஆக் துப்பாக்கியில் போல்ட்டை மாற்றி, கூடு வெளியேறும் பக்கத்தை இடமாக்கிக்கொள்ளலாம். அதற்கும் முன்னால், பிரிட்டிஷார் லீ-என்ஃபீல்டின் பின்கட்டையை ஆள் உயரத்துக்கேற்ப நான்கு அளவுகளில் செய்தார்கள். நூறாண்டுக்கு முந்தைய தொழிற்சாலை ஆளைப் பார்த்து அளவெடுத்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலையிலும் தயாரான இன்சாஸ் ரைஃபிள், 1999 கார்கில் போரில் முதல் பெருஞ்சோதனையைச் சந்தித்தது. பனிக்குளிரில் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது. எண்ணெய் சுடுபவரின் கண்ணில் தெறித்தது. 2005 ஆகஸ்டில் நேபாளத்தின் காலிகோட்டில் மாவோயிஸ்ட் தாக்குதலில் 43 வீரர்கள் இறந்தபோது, இன்சாஸ் சரியாக இயங்கவில்லை என்று நேபாள ராணுவம் புகார் சொன்னது. பயன்படுத்திய முறையையும் பராமரிப்பையும் சுட்டிக்காட்டியது இந்தியத் தரப்பு. வியட்நாமில் சொன்ன அதே பதில், நாற்பது ஆண்டு கழித்து. திருச்சியில் கடைசல் இயந்திரத்தில் நின்ற தொழிலாளிக்கும் இதில் அவமானம்தான். வரைபடமும் பிளாஸ்டிக் தேர்வும் அவர் கையில் இல்லை.

பராமரிப்பு முக்கியமில்லை என்று யாரும் சொல்லவில்லை. போல்ட்டில் ஒட்டிய கரியை மணிக்கணக்கில் சுரண்டிய அனுபவம் இங்குள்ள ஒவ்வொரு என்எஸ் வீரருக்கும் உண்டு. பயிற்சியாளர் வெள்ளைத் துணியை விட்டுப் பார்த்து, மறுபடி துடை என்று திருப்பி அனுப்பிய கதையை லிட்டில் இந்தியா உணவகங்களில் அப்பாவும் மகனும் சேர்ந்தே சொல்வார்கள். அவ்வளவு துடைத்தும் ஒரு துப்பாக்கி சிக்குகிறது என்றால், அந்தப் புகார் துடைத்தவனை நோக்கித் திரும்பக் கூடாது. எந்த ரகம், எத்தனையாவது குண்டில், மழையிலா மணலிலா என்று பதிவாகி, வடிவமைப்பாளரின் மேசைக்குப் போக வேண்டும்.

எஸ்ஏஆர் 21 வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. அடுத்த ரைஃபிளைத் தேர்வு செய்யும் நாளில், சோதனைக் குழுவில் இடக்கையர்களும் குட்டையானவர்களும் கண்ணாடி அணிந்தவர்களும் பெண் வீரர்களும் முதல் வாரத்திலிருந்தே இருக்க வேண்டும். சிக்கல் புகார்களின் தொகுப்பையும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும், ரகசியம் காக்க வேண்டியதைக் கழித்துவிட்டு, தற்காப்பு அமைச்சு நாடாளுமன்றத்தில் வைக்கலாம். பிள்ளையைத் தெக்கோங் படகில் ஏற்றி அனுப்பும் பெற்றோருக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.