ஸ்கூட்டரில் இனிக்கும், காரில் கசக்கும்

சென்ற மாதம் குரோம்பேட்டையில் ஒரு வளைகாப்பு. மண்டப வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். தூரத்து உறவில் அண்ணன் முறையாகும் ஒருவர் கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஆட்டோமேட்டிக்கா? ஏ.எம்.டி.யா?"

"சி.வி.டி. அண்ணே."

துக்கம் விசாரிக்கிற முகம் வந்துவிட்டது அவருக்கு. "போயும் போயும் சி.வி.டி.யா? ரப்பர் பேண்டுப்பா அது. மிதிச்சா சத்தம்தான் வரும், வண்டி வராது. மைலேஜும் சுத்தமா அடிவாங்கும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" இப்படிச் சொல்லிவிட்டு, தாம் வந்த ஆக்டிவாவை வெயிலிலிருந்து நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

அந்த ஆக்டிவாவில் இருப்பது சி.வி.டி.

அவருடைய மனைவியின் ஜூபிடரில் இருப்பதும் அதுதான். மகன் கல்லூரிக்கு எடுத்துப்போகும் என்டார்க்கில் இருப்பதும் அதுதான். 1984-இல் கைனடிக் ஹோண்டா வந்த நாள்முதல் இந்தத் தேசம் கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டர் என்று எதை ஓட்டுகிறதோ, அநேகமாக அத்தனையிலும் முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவே ஒரு பெல்ட். சி.வி.டி. என்றால் இதுதான். காய்கறி வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட, மருத்துவமனைக்கு ஓட என்று கோடிக்கணக்கான பேர் தினமும் சி.வி.டி.யில்தான் போய் வருகிறார்கள். ஒருவராவது ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "ஓட்டுற ஃபீலே இல்லப்பா" என்று வருத்தப்பட்டதைப் பார்த்திருக்கிறீர்களா?

நம்பாதவர்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் போய் நிற்கலாம். ஸ்கூட்டரின் இடப்பக்க மூடியைக் கழற்றும்போது முதலில் கொட்டுவது பெல்ட் தேய்ந்த கறுப்புத் தூள். அதைத் துடைத்துவிட்டு முன்புல்லியைப் பிரித்தால் உள்ளே சின்னச் சின்ன ரோலர்கள். எஞ்சின் வேகம் ஏற ஏற இவை விளிம்பை நோக்கி ஓடி, புல்லியின் ஒரு பக்கத்தை நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். பின்புல்லி விரிந்து பெல்ட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். முதல் கியருக்கும் கடைசி கியருக்கும் நடுவில் எத்தனை நிலை உண்டோ அத்தனையும் வழுக்கிக்கொண்டே கிடைத்துவிடும். ரோலர் ஒரு பக்கமாகத் தேய்ந்து தட்டையாகிவிட்டால் பிக்கப் போய்விடும். மெக்கானிக் அதை மாற்றிக் கொடுப்பார். "சி.வி.டி.ன்னாலே இப்படித்தான் சார்" என்று தத்துவம் பேச மாட்டார்.

இனி அந்த ரப்பர் பேண்டுக்கு வருவோம். இன்றைய கார்களின் சி.வி.டி.யில் ரப்பர் பெல்ட் கிடையாது. மெல்லிய எஃகுத் துண்டுகள் நூற்றுக்கணக்கில், எஃகு வளையங்களில் வரிசையாகக் கோத்த பெல்ட் அது. சில கார்களில் எஃகுச் சங்கிலி. ரோலருக்குப் பதில் எண்ணெய் அழுத்தம், அதை ஆட்டுவிக்க ஒரு கம்ப்யூட்டர். நிஜமான ரப்பர் ஓடுவது அண்ணனின் ஸ்கூட்டரில். எஃகு வைத்திருப்பவனைப் பார்த்து ரப்பர் வைத்திருப்பவர் 'ரப்பர்' என்கிறார். நான் என்ன பதில் சொல்ல?

இந்தச் சொல்லை ஊர் முழுக்கப் பரப்பிய புண்ணியவான்கள் யூடியூப் விமர்சகர்கள். கம்பெனிக்காரன் கொடுத்த புது வண்டியை ஆளில்லாத மலைச்சாலைக்கு ஓட்டிப்போவார்கள். ஆக்சிலேட்டரைத் தரையோடு ஒட்டும்வரை மிதிப்பார்கள். எஞ்சின் கத்தும். "பாத்தீங்களா நண்பர்களே" என்பார்கள். பார்த்தோம் நண்பரே, நீங்கள் முழுச் சக்தி கேட்டீர்கள், முழுச் சக்தி கிடைக்கும் சுற்றுக்கு எஞ்சின் உடனே போய் நின்றது. கேட்டதைக் கொடுத்தது அதன் குற்றமா? கியர் வண்டியில் சத்தம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் வேகம் என்று காது கற்றுவைத்திருக்கிறது. ஹார்மோனியக் கட்டையில் பாடம் கேட்ட காதுக்கு வயலின் வழுக்குவதாகத்தான் தோன்றும். அது வயலினின் கோளாறல்ல. பல்லாவரத்திலிருந்து கிண்டிக்குப் போகிற மனிதன் ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதிக்கும் வாய்ப்பு எப்போது வரும்? முன்னால் மாநகரப் பேருந்து, பக்கத்தில் தண்ணீர் லாரி, நடுவில் நுழையும் ஷேர் ஆட்டோ. பாதி மிதிக்கே அங்கே இடமில்லை. அந்த ஊர்வலத்தில் சி.வி.டி. போல மனிதத்தன்மையோடு நடந்துகொள்ளும் இயந்திரம் வேறொன்றும் இல்லை. குலுக்கல் கிடையாது, தயக்கம் கிடையாது. ஸ்கூட்டரைப் போலவே.

வேகம் வராதாம். 1993-இல் வில்லியம்ஸ் குழு தன் ஃபார்முலா ஒன் காரில் பெல்ட் சி.வி.டி.யைப் பொருத்திச் சோதித்தது. அதை ஓட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் டேவிட் குல்தார்ட். பந்தயத்தில் இறங்கும் முன்பே 1994-க்கான விதிகள் அதற்குக் கதவைச் சாத்திவிட்டன. மெதுவாகப் போகிற ஒன்றைத் தடைசெய்ய விதி எதற்கு? அதற்கும் முன்னால், 1958-இல், நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி ஹுப் வான் டோர்னே உருவாக்கிய பெல்ட் அமைப்போடு ஒரு சின்னக் காரைக் காட்சிக்கு வைத்தது. அதற்குத் தனியாக ரிவர்ஸ் விகிதம் இல்லாததால், முன்னால் போகும் வேகத்திலேயே பின்னாலும் போகும். டச்சுக்காரர்கள் அதை வைத்துப் பின்னோக்கி ஓட்டும் பந்தயமே நடத்தினார்கள். ஓட்டுவதில் இதைவிட என்ன ஃபீல் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, மைலேஜ். 2020-இல் வந்த ஹோண்டா சிட்டி பெட்ரோலுக்குக் கம்பெனி அறிவித்த கணக்கு: கியர் வண்டி லிட்டருக்கு 17.8 கிலோமீட்டர், சி.வி.டி. 18.4. 2024-இல் வந்த அமேஸுக்கு 18.65, 19.46. இரண்டிலும் கூடுதல் எண் யாருடையது என்று கவனியுங்கள். "அதெல்லாம் லேப்ல உருளை மேல ஓட்டி எடுத்த கணக்கு" என்று உடனே ஒரு குரல் வரும். ஆமாம், லேப் கணக்குதான். கியர் வண்டியும் அதே உருளையின் மேல்தான் ஓடியது. அதற்கு மட்டும் யாராவது பின்னாலிருந்து தள்ளினார்களா?

காரணம் ரகசியமல்ல. எஞ்சினுக்கு ஒவ்வொரு வேகத்திலும் சிக்கனமான சுற்று ஒன்று உண்டு. ஐந்து கியர் இருந்தால் அதன் அருகே போகலாம். புல்லி இருந்தால் அதிலேயே உட்காரலாம். திண்டிவனம் சாலையில் நூறில் போகும்போது என் வண்டியில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் 2000 பக்கம் சோம்பேறியாகக் கிடக்கிறது. பெல்ட் உராய்விலும் எண்ணெய் பம்பிலும் கொஞ்சம் வீணாகும்தான். கிளட்சில் பாதிக் காலை வைத்தபடியே கத்திப்பாரா மேம்பாலம் ஏறும் நம் ஆட்கள் வீணாக்குவதைவிடக் குறைவு.

மைலேஜைக் கணக்கிடும் லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி நிரப்பி, கிலோமீட்டரை லிட்டரால் வகுப்பவர் எத்தனை பேர்? ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டுவிட்டு, முள் எங்கே இறங்குகிறது என்று பார்த்து, "பத்துகூடக் குடுக்கல" என்பவர்களே அதிகம். டயரில் காற்றுப் பார்த்துப் பல மாதம் ஆகியிருக்கும். டிக்கியில் சென்ற பொங்கலுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசி மூட்டை இருக்கும். ஓ.எம்.ஆரில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தின் ஓரமாக ஏ.சி. போட்டுக்கொண்டு நின்ற நேரமும் அந்த பெட்ரோலில்தான் சேர்ந்திருக்கும். நிற்கிற வண்டியின் மைலேஜ் பூஜ்யம், அது எந்த கியர்பாக்ஸாக இருந்தாலும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். அதற்கு எரிசக்தி குறைவு. அதையும் சி.வி.டி. கணக்கிலேயே எழுதிவிடலாமே!

இன்னொரு கூட்டம் உண்டு. நண்பரின் ஏ.எம்.டி. காரில் ஒருநாள் போயிருப்பார்கள். சாதா கியர்பாக்ஸுக்கு மோட்டார் வைத்த ஏற்பாடு அது. கியர் மாறும்போதெல்லாம் உள்ளே இருப்பவர்களின் தலை ஒருமுறை முன்னால் போய்வரும். அந்த ஒருநாள் அனுபவத்தை வைத்து ஆட்டோமேட்டிக் சாதி மொத்தத்துக்கும் தீர்ப்பெழுதிவிடுவார்கள். இவர்களே ஹைப்ரிட் கார் என்றால் வாயைப் பிளப்பார்கள். கிராண்ட் விட்டாரா ஹைப்ரிடுக்கு லிட்டருக்கு 27.97 என்ற எண்ணை மந்திரம்போல ஒப்பிப்பார்கள். அந்த வண்டியின் விவரப் பட்டியலில் கியர்பாக்ஸ் என்ற இடத்தில் 'ஈ-சி.வி.டி.' என்று இருக்கிறது. அதில் பெல்ட் கிடையாது, அது வேறு இயந்திரம் என்பது உண்மை. மிதித்தால் எஞ்சின் தனியாகக் கத்தும் என்பதும் உண்மை. அங்கே மட்டும் அது 'டெக்னாலஜி'.

இதற்கெல்லாம் அடியில் ஓடுவது வேறு என்று எனக்குச் சந்தேகம். கைனடிக் ஹோண்டா வந்தபோது, பஜாஜ் ஸ்கூட்டரை ஒருபக்கம் சாய்த்து உதைத்துக் கிளப்பியவர்கள் அதை 'லேடீஸ் வண்டி' என்றார்கள். இன்று அவர்களின் பேரன்கள் வெட்கமில்லாமல் அதன் வாரிசுகளைத்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் கார் என்றதும் தாத்தாவின் குரல் வந்துவிடுகிறது. ஆட்டோமேட்டிக் என்றால் பெண்களுக்கு, முட்டிவலிக்காரர்களுக்கு, ரிட்டையர் ஆனவர்களுக்கு. இடதுகால் வேலை செய்தால்தான் ஆண்மை என்று எந்த மருத்துவர் சொன்னார்? பன்னிரண்டு லட்சம் போட்டுக் கார் வாங்கி, அதை ஓட்டத் தெரிந்த மனைவியைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்து, சிக்னலுக்குச் சிக்னல் கிளட்சை மிதித்துக் காட்டுவதுதான் ஓட்டும் சுகம் என்றால், அந்தச் சுகம் எனக்கு வேண்டாம்.

கம்பெனிகளும் இந்தக் கூட்டத்துக்குப் பயந்துவிட்டன. இல்லாத கியருக்கு மென்பொருளில் ஏழு படி செய்து, ஸ்டியரிங்கின் பின்னால் இரண்டு துடுப்பு வைத்துக் கொடுக்கிறார்கள். துடுப்பைத் தட்டினால் ஏதோ மாறியதுபோல முள் விழுந்து எழும். எஞ்சினைச் சிக்கனமான சுற்றில் வைத்திருப்பது மட்டுமே வேலையாகப் பிறந்த இயந்திரத்துக்கு, யூடியூப்காரர் மனம் குளிர, இந்த நாடகம். ஸ்கூட்டரில் யாரும் துடுப்பு கேட்கவில்லை.

கோபப்பட நியாயமான விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அண்ணன்மார் பேசுவதில்லை. பல மாடல்களில் சி.வி.டி. வேண்டுமென்றால் கீழ்வரிசை வண்டியில் கிடையாது. மேல்வரிசைக்குப் போக வேண்டும். அங்கே போனால் கூடவே சன்ரூஃபையும் கட்டிவிடுகிறார்கள். சென்னை மே மாதத்தில் தலைக்கு மேல் கண்ணாடி ஓட்டை யாருக்கு வேண்டும்? நான் வண்டி பார்க்கப் போனபோது சன்ரூஃப் இல்லாத சி.வி.டி. ஒன்று இருந்தால் போதும் என்றேன். ஷோரூம் பையன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தான். "அது புக் பண்ணா வர்றதுக்கு நாலஞ்சு மாசம் ஆகும் சார். சன்ரூஃப் உள்ளது யார்டுலயே நிக்குது, நாளைக்கே எடுத்துக்கலாம்."